போபால் பேகம் போகாத வழி

  

நான் ஜித்தாவில், ஷரஃபியாவில் நர்ஸாக இருக்கிறேன். நம்மூர் ஓட்டல்களும் கார்கோ கடைகளும் பாலிகிளினிக்குகளும் நெருக்கியடித்து நிற்கும் இடம். மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே ஓடும் ரயிலைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். கிறிஸ்தவளான நான் மக்காவுக்குள் போக முடியாது. அதனால் ஊர்களை விட்டுவிட்டு, நடுவில் கிடக்கும் வழியைப் பற்றிப் பேசுகிறேன். வரலாறும் அந்த வழியில்தான் நிறையக் கிடக்கிறது.

ஒரு பெண்ணிலிருந்து தொடங்கலாம். போபாலை ஆண்ட நவாப் சிக்கந்தர் பேகம் 1864இல் ஹஜ்ஜுக்கு வந்தார். கப்பலில் ஜித்தாவில் இறங்கினார், மக்காவுக்குப் போனார், கடமையை முடித்தார். மதீனாவுக்கு மட்டும் போகவில்லை. ஹஜ் கடமைக்குள் மதீனா வராது என்றாலும், இவ்வளவு தூரம் வந்துவிட்டு நபியின் பள்ளிவாசலைப் பார்க்காமல் திரும்ப எந்த முஸ்லிமுக்கும் மனம் வராது. பேகத்திடம் பணம் இருந்தது, பரிவாரம் இருந்தது, ஒரு சமஸ்தானமே இருந்தது. வழி மோசம், பதூயின்கள் தாக்குவார்கள் என்பதால் விட்டுவிட்டார். அவருடைய பயண நூல் 1870இல் ஆங்கிலத்தில் வந்தது. அரசியே போக முடியாத வழி என்றால், வாழ்நாள் சேமிப்பை முடிந்துகொண்டு கப்பலேறிய கீழக்கரைக்காரரின் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவருக்குப் பத்து வருஷம் முன்பு, ரிச்சர்ட் பர்ட்டன் என்ற ஆங்கிலேயர் முஸ்லிம் வேடத்தில் இந்த வழியே போனார். 1853 ஆகஸ்ட் 31 அன்று மதீனாவிலிருந்து ஒட்டகக் கூட்டத்தோடு புறப்பட்டு, செப்டம்பர் 11 அன்று மக்கா சேர்ந்தார். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் இரவு நடை. ஒரு கணவாயில் கொள்ளைக்காரர்கள் மேலேயிருந்து சுட்டார்கள். புத்தகம் விறுவிறுப்பானது, மறுக்கவில்லை. ஆனால் வரக்கூடாது என்று ஒரு வீட்டார் சொன்ன பிறகு வேஷம் போட்டு நுழைவதை என்னால் வீரம் என்று ரசிக்க முடியவில்லை. இங்கே வேலை பார்ப்பதால் அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

பதூயின்களை வெறும் கொள்ளையர் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. இந்த வழியில் பலமாக இருந்தது ஹர்ப் என்ற குலம். ஒட்டகம் வாடகைக்கு விடுவதும் வழிக்காவல் காசும்தான் பிழைப்பு. உஸ்மானிய அரசே குலத்தலைவர்களுக்குப் பணம் கொடுத்துத்தான் யாத்திரிகர்களை அனுப்பிவந்தது. அந்தப் பணம் நின்றால் வழி அடைபடும்.

இந்த இடத்தில்தான் முதல் ரயில் வருகிறது. சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது 1900இல் ஹிஜாஸ் ரயில் பாதையைத் தொடங்கினார். டமாஸ்கஸிலிருந்து மக்கா வரை என்பது திட்டம். ஐரோப்பியரிடம் கடன் வாங்காமல், உலக முஸ்லிம்களின் நன்கொடையும் உள்நாட்டு வரியும் வைத்துக் கட்டினார்கள். இந்திய முஸ்லிம்களும் கொடுத்தார்கள். தலைமைப் பொறியாளர் மைஸ்னர் ஒரு ஜெர்மானியர், கிறிஸ்தவர். அல் உலாவைத் தாண்டி அவர் போக முடியாது. மிச்சப் பாதையை முக்தார் பே தலைமையில் முஸ்லிம் பொறியாளர்கள் முடித்தார்கள்.

1908இல் மதீனாவுக்கு ரயில் வந்துவிட்டது. ஒட்டகத்தில் நாற்பது நாளான டமாஸ்கஸ் பயணம் மூன்று நான்கு நாளானது. மதீனாவிலிருந்து மக்காவுக்கு மட்டும் ஒரு மைல்கூட நீளவில்லை. ரயில் வந்தால் ஒட்டகம் எதற்கு என்று குலங்கள் எதிர்த்தன. தண்டவாளத்தோடு துருக்கிப் படையும் வந்திறங்கும் என்று மக்காவின் ஷரீஃப் அஞ்சினார். அதே வருஷம் இஸ்தான்புல்லில் இளந்துருக்கியர் புரட்சி. சுல்தானின் பிடி தளர்ந்தது. பிறகு உலகப் போர். அரபுக் கிளர்ச்சிக்காரர்கள் தண்டவாளங்களை வெடிவைத்துப் பெயர்த்தார்கள். மதீனாவுக்குள் அடைபட்ட துருக்கித் தளபதி ஃபக்ரி பாஷா, போர் முடிந்தும் 1919 ஜனவரி வரை சரணடையவில்லை. அந்த மதீனா ரயில் நிலையம் இன்று அருங்காட்சியகம்.

1925இல் மதீனாவும் ஜித்தாவும் மன்னர் அப்துல் அஸீஸ் கைக்கு வந்தன. கொள்ளையைக் கடுமையாக அடக்கினார். மோட்டார் வந்தது, பிறகு தார்ச்சாலை. பேகம் பயந்த பயம் அப்போதே போய்விட்டது. ஆகவே ரயில்தான் இந்த வழியைத் திறந்தது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. நூறு வருஷம் முன்பு நின்றுபோன ஒரு வேலையை முடித்துவைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஹரமைன் அதிவேக ரயிலை மன்னர் சல்மான் 2018 செப்டம்பர் 25 அன்று தொடங்கிவைத்தார். 450 கிலோமீட்டர், ஐந்து நிலையங்கள், மணிக்கு 300 கிலோமீட்டர். கட்டியதில் ஸ்பானியக் கம்பெனிகளுக்குப் பெரிய பங்கு. அவர்களைப் படாதபாடு படுத்தியது மணல். காற்றடித்தால் தண்டவாளத்தை மூடிவிடும். எங்கள் கிளினிக்குக்கு வந்த தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியம்மா ஒருவர் சொன்னார்: “சிஸ்டர், மெட்ராஸ் போறதுக்குள்ள எனக்கு இடுப்பு ஒடிஞ்சிரும். இங்க தஸ்பீஹ் ஓதிக்கிட்டே இருந்தேன், மதீனா வந்துருச்சு.” பர்ட்டனுக்குப் பதினோரு நாள். அந்த அம்மாவுக்கு இரண்டேகால் மணி நேரம் ஆகியிருக்கும்.

நர்ஸ் என்பதால் ஒன்று சொல்லாமல் விட முடியாது. வேகம் நோய்க்கும் வேகம்தான். 1865இல் மக்காவில் காலரா ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. நீராவிக் கப்பலில் திரும்பியவர்களோடு சூயஸ் வழியாக ஐரோப்பாவுக்கும் போனது. மறு வருஷமே இஸ்தான்புல்லில் நாடுகள் கூடிப் பேச வேண்டியதாயிற்று. இன்று மூளைக்காய்ச்சல் தடுப்பூசிச் சான்று இல்லாமல் ஹஜ் விசா கிடையாது. ஊசி போட அலுத்துக்கொள்ளும் யாத்திரிகர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்வேன்.

இந்த ரயிலில் நானும் ஒருமுறை ஏறியிருக்கிறேன். சுலைமானியா நிலையத்திலிருந்து மன்னர் அப்துல்லா பொருளாதார நகரம் வரை, அறைத்தோழிகள் இருவரோடு, கடல் பார்க்க. இறங்கியவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்களுடன் ரயில் வடக்கே போய்விட்டது. அதற்கும் வடக்கேதான் ராபிக், பழைய ஒட்டகக் கூட்டங்களின் கடற்கரைத் தங்கல்.

2022இல் இந்த ரயிலுக்குப் பெண் ஓட்டுநர்கள் 30 பேர் தேவை என்று அறிவித்தபோது 28,000 பெண்கள் விண்ணப்பித்தார்கள். சவுதியில் பெண்கள் கார் ஓட்ட அனுமதி வந்தே அப்போது நான்கு வருஷம்கூட ஆகவில்லை. பயிற்சி முடித்தவர்கள் இப்போது மக்காவுக்கும் மதீனாவுக்கும் ரயில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்விகள் வந்திருப்பதாகச் சொல்கிறார்கள். கேளுங்கள்.