கொள்முதல் பணித்திறன்கள்

நிறுவனத்துக்கு வேண்டிய பொருள்களையும் சேவைகளையும் வாங்கும் பணிக்கு வரவோ, அதிலிருந்து வேறு துறைக்குப் போகவோ கைகொடுக்கும் திறன்கள். பேரம் பேசும் சாமர்த்தியத்தையே பலர் முதலில் சொல்வார்கள். அதைவிடத் தலையாயது விலைப்புள்ளிகளை ஒப்பிடும் கண். குறைந்த விலை போட்டவரின் கொட்டேஷனில் லாரி வாடகை சேராமல் இருக்கலாம். கூடுதலாகக் கேட்டவர் 60 நாள் கடன் தரலாம். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து எது உண்மையில் மலிவு என்று சொல்லத் தெரிந்தவருக்குக் கணக்குப் பிரிவிலும் தணிக்கையிலும் இடமுண்டு. கிடங்கில் இருப்புப் பார்த்தவர்களும் விற்பனைப் பிரதிநிதிகளும் கொள்முதலுக்கு எளிதில் வருகிறார்கள். இப்பணியிலிருந்து உயர்பதவிக்குப் போனவர்களும் உண்டு: கணினி நிறுவனமான காம்பாக்கில் மூலப்பொருள் பிரிவின் துணைத்தலைவராக இருந்த டிம் குக் 1998இல் ஆப்பிளில் சேர்ந்து, தேங்கிக் கிடந்த சரக்கிருப்பை வெகுவாகக் குறைத்தார். 2011இல் அதன் தலைமைச் செயல் அதிகாரியானார்.