ஆபிரிக்க நீல இலையான்களை இனங்காணுதல்: ஒரு வரலாற்று நோக்கு

உயிரினமொன்றின் பெயரைச் சரியாக அறிதல் அரும்பொருட்காட்சிச்சாலையோடு அடங்கிவிடும் முயற்சியெனப் பலர் கருதுவர். ஆபிரிக்க நீல இலையான்கள் பற்றிய ஆய்வின் வரலாறு இக்கருத்துப் பொருந்தாது என்பதைக் காட்டுகின்றது. கலிபோரிடே குடும்பத்தைச் சேர்ந்த இவற்றுட் பல நீலமும் பச்சையுமாகப் பளபளப்பன. வெறுங்கண்ணுக்கு ஒன்றையொன்று ஒத்தன. ஆயினும், அவற்றின் குடம்பிகளுட் சில பிணத்தை உண்கின்றன. சில உயிருள்ள தசையைத் தின்கின்றன. ஒன்று உறங்குவோரின் குருதியை உறிஞ்சுகின்றது.

தொடக்ககால அறிவு குடம்பியின் வாழ்க்கைமுறையிலிருந்து பிறந்தது. செனகலில் மனிதரின் தோலுக்கடியிற் கட்டியை உண்டாக்கும் டும்பு இலையான் 1872இல் விவரிக்கப்பட்டது. லிவர்ப்பூலிலிருந்து கொங்கோவுக்குச் சென்ற மருத்துவக் குழுவினரான டட்டன், ரொட், கிறிஸ்ரி ஆகியோர், குடிசைகளின் மண்தரையிற் பகலில் ஒளிந்திருந்து இரவிற் குருதி உறிஞ்சும் புழுவைப் பற்றி 1904இல் எழுதினர்.

கிறைசோமியா சாதியில் இம்முறை போதவில்லை. உயிருள்ள விலங்குகளின் காயங்களில் மாத்திரமே வளரும் பெஸ்ஸியானா என்னும் இனத்தை வில்நேவ் 1914இல் விவரித்தார். ஆசியாவிற் பிணத்திலும் மலத்திலும் பெருகும் மெகாசெபலா என்னும் இனம் இதனோடு எளிதில் மயங்கத்தக்கது. முன்னதன் கீழ்ச் சிறகடிச் செதில் வெண்மையானது, பின்னதனது கருங்கபிலமானது. 1970களில் மெகாசெபலா ஆபிரிக்காவையும் அடைந்தபோது இந்நுண்ணிய வேறுபாடு அங்கும் முக்கியத்துவம் பெற்றது.

பெயரில் நேரும் பிழை செயலையும் பிழையாக்கும் என்பதற்கு அமெரிக்கா சான்றாயிற்று. அங்கு கால்நடைகளின் காயப்புழுவுக்குப் பிணந்தின்னும் மசெல்லாரியாவே காரணமென நெடுங்காலம் நம்பப்பட்டது. எனவே பிணங்களை எரிப்பதிற் பெருமுயற்சி செலவாயிற்று. 1933இல் குஷிங், பற்றன் ஆகிய இருவரும் ஆண் இலையான்களின் இனப்பெருக்க உறுப்புகளை ஒப்பிட்டு, காயப்புழுவுக்குரியது வேறோர் இனமென நிறுவினர். அது 1858இல் கொக்கரெல் விவரித்த ஹொமினிவோறக்ஸ் என்பது பின்னர் தெளிவாயிற்று.

அவ்வமெரிக்க இனமே 1988இல் லிபியாவிற் கண்டறியப்பட்டது. அங்கு காயங்களிற் குடம்பியிடும் வேறோர் ஈ முன்னரே வாழ்ந்தமையால், வந்தது எதுவெனத் தெளிதல் இன்றியமையாததாயிற்று. மலடாக்கப்பட்ட ஆண்களை விடுவித்து ஓர் இனத்தை ஒழிக்கும் முறை, அவை தம்மினப் பெண்களோடு கூடுவதிலேயே தங்கியுள்ளது. இனம் தவறாக அறியப்பட்டால் முழு முயற்சியும் வீணாகும். மெக்சிக்கோவிலிருந்து கொண்டுவரப்பட்ட நூறு கோடிக்கும் மேற்பட்ட மலட்டு இலையான்கள் 1990 டிசெம்பர் முதல் 1991 வரை விடுவிக்கப்பட்டன. 1992இல் அவ்வினம் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஏனைய ஆபிரிக்க நாடுகளின் மந்தைகளும் வனவிலங்குகளும் இதனாற் காக்கப்பட்டன.

இக்காலத்தில் நிழற்படங்களைக் கொண்டு இனங்காணும் வழக்கம் பெருகியுள்ளது. சிறகின் முன்விளிம்பு கருமையாயுள்ள மார்ஜினாலிஸ் போன்ற இனத்தை நல்ல நிழற்படத்தில் அறிந்துகொள்ளலாம். முகம், மார்பின் பக்கம், சிறகடிச் செதில் ஆகியன தெளிவாகத் தெரியுமாறு பல கோணங்களில் எடுக்கப்பட்ட படங்கள் பெரிதும் உதவுவன. ஆயினும், மேலிருந்து எடுத்த ஒரே படத்திற் செதிலின் நிறம் மறைந்துவிடும். ஒளியின் கோணத்துக்கேற்ப உடலின் நீலம் பச்சையாகத் தோன்றும். குஷிங்கும் பற்றனும் நோக்கிய உறுப்புகள் புலப்படா. ஆதலின், கால்நடையின் காயத்தில் ஐயத்துக்குரிய புழு காணப்படுமிடத்து, படத்தோடு நின்றுவிடாது சில குடம்பிகளை மதுசாரத்திலிட்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்புதலே தக்கது. லிபியாவின் அனுபவம் உணர்த்தும் பாடமும் இதுவேயாகும்.