வெப்பமூட்டல் வளைகோடும் குளிர்வு வளைகோடும்

ஒரு பொருளைச் சீரான வீதத்தில் சூடாக்கி, நேரத்தைக் கிடை அச்சிலும் வெப்பநிலையை நெடு அச்சிலும் குறித்து வரையப்படுவது வெப்பமூட்டல் வளைகோடு. சூடான பொருளை ஆறவிட்டு அதே முறையில் வரைவது குளிர்வு வளைகோடு. தூய பொருளுக்கு இவை சாய்வும் சமதளமும் மாறிமாறி வரும் கோடுகளாக அமையும். சாய்வில் பொருள் ஒரே நிலையில் இருக்கிறது. சமதளத்தில் ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறிக்கொண்டிருக்கிறது.

மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் உள்ள 100 கிராம் பனிக்கட்டியை, வெப்ப இழப்பின்றி, 100 வாட் சூடேற்றியால் சூடாக்குவதாகக் கொள்ளலாம். அது 0 டிகிரியை எட்ட 42 விநாடிகள் போதும். பிறகு 334 விநாடிகள் வெப்பநிலை நகராது. பனி உருகுவதற்கே வெப்பம் முழுவதும் செலவாகிறது. உருகிய நீர் 100 டிகிரிக்கு ஏற ஏறத்தாழ 418 விநாடிகள். அது முழுவதும் ஆவியாகவோ 2,257 விநாடிகள், அதாவது 37 நிமிடங்களுக்கு மேல்! உருகும்போது படிக ஒழுங்கு குலைந்தால் போதும். ஆவியாகும்போது மூலக்கூறுகள் ஒன்றின் ஈர்ப்பிலிருந்து மற்றொன்று ஏறக்குறைய முழுமையாக விடுபட வேண்டும். அதனால்தான் இரண்டாம் சமதளம் இவ்வளவு நீள்கிறது. கொதிநீரைவிட நீராவி கடுமையாகச் சுடுவதும் இதனால்தான்: தோலில் பட்டு நீராகும் ஒவ்வொரு கிராம் ஆவியும், தான் ஆவியாக எடுத்துக்கொண்ட 2,257 ஜூல் வெப்பத்தையும் அங்கேயே இறக்கிவிடுகிறது.

இவ்வாறு வெப்பமானியில் தெரியாமல் உட்செல்லும் வெப்பமே உள்ளுறை வெப்பம். 1760-களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் இதை ஆராய்ந்தார். ஒரே அளவு பனிக்கட்டியையும் பனிபோல் குளிர்ந்த நீரையும் ஒரே கூடத்தில் வைத்தபோது, நீர் அரை மணி நேரத்தில் எட்டிய வெப்பநிலையை எட்டப் பனிக்கட்டிக்குப் பத்தரை மணி நேரம் பிடித்தது.

கொதிநிலைச் சமதளத்தின் உயரம் அழுத்தத்தைப் பொறுத்தது. பிரஷர் குக்கருக்குள் அது ஏறத்தாழ 120 டிகிரி. உருகுநிலையை அழுத்தம் அந்த அளவுக்கு அசைப்பதில்லை.

பள்ளி ஆய்வகங்களில் குளிர்வு வளைகோட்டுக்கு வழக்கமாக எடுக்கப்படுவது நாஃப்தலீன். உருகிய நாஃப்தலீன் ஆறுகையில் 80 டிகிரியை ஒட்டி வெப்பநிலை நின்றுவிடும். உறையும்போது வெளிப்படும் வெப்பம் சுற்றுப்புறத்துக்குப் போகும் இழப்பை ஈடுகட்டுகிறது. கடைசித் துளியும் கெட்டியான பின்பே கோடு மறுபடி இறங்கும்.

எல்லாப் பொருளும் இவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட் படிகம் 48 டிகிரியில் உருகும். உருகியதை அசைக்காமல் ஆறவிட்டால் அறை வெப்பநிலையிலும் திரவமாகவே கிடக்கும். ஒரு சிறு படிகத்தைப் போட்டதும் அது விறுவிறுவென உறையத் தொடங்கும், குழாய் கையில் சுடும், வெப்பநிலை 48 டிகிரியை நோக்கித் தாவும். வளைகோட்டில் இது உறைநிலைக்குக் கீழே ஒரு பள்ளமாகப் பதியும். உறைநிலைக்குக் கீழும் இப்படித் திரவமாகவே இருப்பதே மீக்குளிர்வு.

மாசு கலந்த பொருளில் சமதளம் சாய்ந்துவிடுகிறது. தூய்மையைச் சோதிக்க இது எளிய வழி. மெழுகு, கண்ணாடி போன்றவற்றுக்குத் தெளிவான சமதளமே இல்லை. உலோகக் கலவைகளில் நிலைமை இன்னும் சுவையானது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு குளிரும்போது, பெரும்பாலான விகிதங்களில் கோடு முதலில் ஓரிடத்தில் முறிந்து மெல்லச் சரியும், பிறகு 183 டிகிரியில் சமதளமாகும். வெள்ளீயம் ஏறத்தாழ 62 விழுக்காடு இருந்தால் மட்டும் இடைச்சரிவு இல்லாமல் நேரே அந்தச் சமதளம் வந்துவிடும். பல விகிதங்களுக்கு இப்படிக் கோடுகள் வரைந்து, அவற்றின் முறிவுகளை ஒன்றிணைத்தே உலோகக் கலவைகளின் நிலைமை வரைபடங்கள் உருவாக்கப்பட்டன. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோட்டிங்கனில் குஸ்டவ் டம்மன் இம்முறையைப் பெருமளவில் கையாண்டார்.