தந்தை தேர்ந்த நகரங்கள்

இலண்டன் மாநகரில் வாழும் என் தமையனாரிடமிருந்து ஒரு மடல் வந்தது. அவருக்குப் பதினாறு வயதில் ஒரு மகளும் பதின்மூன்று வயதில் ஒரு மகனும் உளர். “கோடை விடுமுறையில் ஐந்து நாள் ஒழிவு கிடைத்திருக்கிறது. பிள்ளைகளை ஐரோப்பிய நகரம் ஒன்றுக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம். நீ சரித்திரம் கற்பிக்கிறவன், எந்த நகரம் ஏற்றது என்று சொல், நீயும் உடன் வா” என்று எழுதியிருந்தார். ரோமாபுரிக்குப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. பையனுக்குப் பார்சிலோனா நகரத்துக் கால்பந்து அரங்கைக் காண ஆசை. பெண் தன் விருப்பத்தைச் சொல்லவில்லை. அவளை ஒருவரும் கேட்கவும் இல்லை என்பது எனக்குப் பின்னரே விளங்கியது.

நேயர்களே, இளைஞரை அயல் நகரங்களுக்கு அழைத்துச் செல்லும் வழக்கம் ஐரோப்பாவில் புதியது அன்று. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் செல்வக் குடும்பங்கள் தம் மைந்தரைப் பாரிஸ், பிளாரன்ஸ், ரோமாபுரி, நேப்பிள்ஸ், வெனிஸ் ஆகிய நகரங்களுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் அனுப்பிவைத்தன. ரிச்சர்ட் லாசல்ஸ் என்பவர் 1670இல் வெளியான தம் இத்தாலிய யாத்திரை நூலில் இதற்குப் ‘பெரும் பயணம்’ என்று பொருள்படும் பெயரை வழங்கினார், அப்பெயரே நிலைத்தது. பிள்ளையுடன் ஓர் ஆசானும் செல்வார். அவரை மக்கள் ‘கரடியாட்டி’ என்று பரிகாசம் செய்தனர். கரடி யார் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தக் கரடியாட்டிகளிடமிருந்து நான் முதலில் கற்ற பாடம் பருவத்தைப் பற்றியது. அந்நாளைய யாத்திரிகர் கோடையில் ரோமாபுரியில் தங்க அஞ்சுவர். கிறிஸ்துமஸ் காலத்திலோ ஈஸ்டருக்கு முந்திய புனித வாரத்திலோ அங்கே இருப்பர்; வெயில் ஏறுமுன் அகன்றுவிடுவர். நகரைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களிலிருந்து எழும் கெட்ட காற்றே கொடுங்காய்ச்சலைத் தருகிறது என்று நம்பினர். இத்தாலிய மொழியில் ‘கெட்ட காற்று’ என்னும் பொருளுடைய சொல்லே மலேரியா ஆயிற்று. குற்றம் காற்றினுடையது அன்று, கொசுவினுடையது என்பதற்குரிய சான்றை ரொனால்டு ராஸ் கண்டது 1897இல், நம் நாட்டுச் செகந்திராபாத்தில். இன்று அந்தக் காய்ச்சல் அங்கில்லை. ஆனால் வெயில் இருக்கிறது. 2023 ஜூலையில் ரோமாபுரியில் வெப்பம் 41 பாகையைத் தாண்டியது. அதே மாதம் ஏதென்ஸ் நகரத்து அக்ரோபொலிஸ் குன்றைப் பிற்பகல் வேளைகளில் மூடிவைத்தார்கள். பள்ளி விடுமுறையோ கோடையில்தான் வருகிறது. முன்னோர் விலக்கிய பருவத்திலேயே இன்று உலகமெல்லாம் அந்நகரங்களில் கூடுகிறது. ஒருநாள் வருகையாளரின் நெரிசலைத் தாங்காத வெனிஸ், 2024இல் குறிப்பிட்ட நாட்களுக்கு நுழைவுக் கட்டணமே விதித்தது.

இரண்டாவது பாடத்தை ஆதம் ஸ்மித்திடம் கற்றேன். பொருளாதார மாணவர்களுக்கு இவரை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த இவர், 1764இல் அப்பதவியைத் துறந்து, பக்ளூ பிரபு என்னும் பதினேழு வயது இளைஞருக்கு ஆசானாகப் பிரான்சுக்குச் சென்றார். ஊதியம் ஆண்டுக்கு 300 பவுன்; அஃதன்றி வாழ்நாள் முழுதும் அதே அளவு உதவித்தொகை. இருவரும் துலூஸ் நகரில் ஏறத்தாழப் பதினெட்டு மாதம் தங்கினர். அறிமுகமானவர் எவருமில்லை, ஸ்மித்துக்குப் பிரெஞ்சுப் பேச்சும் சரளமாக வராது. பொழுது போகாமையால் ஒரு நூல் எழுதத் தொடங்கியிருப்பதாகத் தம் நண்பர் ஹியூமுக்கு எழுதினார். 1776இல் வெளிவந்த ‘நாடுகளின் செல்வம்’ அதில் முளைத்தது என்பர். பின்னர்ப் பிரபுவின் தம்பியும் வந்து சேர்ந்தான். அவன் 1766 அக்டோபரில் பாரிஸ் நகரில் இறந்துபோனான். பயணம் அத்துடன் முடிந்தது.

அந்தப் பெருநூலிலேயே ஸ்மித், பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகளை அயல்நாட்டுக்கு அனுப்பும் வழக்கத்தைக் கடுமையாகக் கண்டிக்கிறார். அவர்கள் செருக்கும் கேளிக்கை நாட்டமும் மிகுந்து திரும்புகிறார்கள் என்பது அவர் கருத்து. அவ்வழக்கத்தால் வாழ்நாள் உதவித்தொகை பெற்றவர் கூறுவதால் நான் இதைச் சற்றே புன்னகையுடன் படிப்பதுண்டு. எனினும் அதில் உண்மையில்லை என்று சொல்லமாட்டேன்.

இதற்கு மாறான வரலாறு எட்வர்டு கிப்பனுடையது. ஆக்ஸ்போர்டில் படிக்கையில் கத்தோலிக்க சமயத்தில் சேர்ந்துவிட்டான் என்று சினந்த தந்தை, 1753இல், பதினாறு வயது மகனைச் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் ஒரு போதகர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். இன்பப் பயணம் அன்று, தண்டனை. அங்கே ஏறக்குறைய ஐந்தாண்டு வாழ்ந்த கிப்பன், பிரெஞ்சு மொழியில் சிந்திக்கவே பழகிவிட்டான். முப்பது ஆண்டு கழித்து, 1783இல், தாமே விரும்பி அதே ஊருக்குத் திரும்பி வந்து, ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றிய தம் பெருவரலாற்றை 1787இல் அங்கேயே எழுதி முடித்தார்.

தமையனார் வீட்டில், ஒருநாள் இராவுணவுக்குப் பின், இவற்றை எல்லாம் சொன்னேன். பையன் கொட்டாவி விட்டான். “பதின்மூன்று வயதுப் பையன் எவனும் உங்கள் சரித்திரத்தில் இல்லையா, சித்தப்பா?” என்று கேட்டான். இருந்தான்.

1769 டிசம்பர் 13ஆம் நாள் ஆஸ்திரிய நாட்டுச் சால்ஸ்பர்க் நகரிலிருந்து ஒரு தந்தையும் மகனும் இத்தாலிக்குப் புறப்பட்டனர். தந்தை லியோபோல்டு மொசார்ட். மகன் வுல்ப்காங், பதின்மூன்று வயதினன். மகனுக்கு இசைநாடகம் இயற்றும் வாய்ப்பும், அரசவை ஒன்றில் நிலையான உத்தியோகமும் தேடித்தர வேண்டும் என்பது தந்தையின் கணக்கு. வெரோனா, மிலான், பொலோஞா, பிளாரன்ஸ், ரோமாபுரி, நேப்பிள்ஸ் என நகரங்களை அந்தக் கணக்கின்படியே அவர் தேர்ந்தார். புனித வாரத்தில் ரோமாபுரி சேர்ந்தனர். போப்பாண்டவரின் சிஸ்டைன் ஆலயத்தில் அல்லெக்ரி இயற்றிய புகழ்பெற்ற தோத்திர இசையைக் கேட்ட சிறுவன், இருப்பிடம் வந்ததும் நினைவிலிருந்தே அதை எழுதிவிட்டான். 1770 ஜூலையில் போப்பாண்டவர் அவனுக்குப் பொற்குதிமுள் விருது அளித்தார். இவை எல்லா வரலாறுகளிலும் உள்ளவை.

ஆனால் அச்சிறுவன் தன் தமக்கை நானெர்லுக்கு எழுதிய கடிதங்களைப் பார்த்தால் வேறொரு பயணம் தெரிகிறது. கூட்டல் பெருக்கலுக்குரிய விதிகளைத் தொலைத்துவிட்டேன், நீ எழுதி வைத்திருப்பதை அனுப்பு என்று ரோமாபுரியிலிருந்து வேண்டுகிறான். நேப்பிள்ஸ் நகரிலிருந்து, வீட்டிலுள்ள கானாரிக் குருவி நலமா, இன்னும் பாடுகிறதா என்று விசாரிக்கிறான். பிளாரன்சில் தாமஸ் லின்லி என்னும் ஆங்கிலச் சிறுவனைக் கண்டான். இருவரும் 1756இல் பிறந்தவர்கள். லின்லி வயலின் வாசிப்பதில் வல்லவன். சில நாட்களே இருவரும் கூடி வாசித்தனர். பிரியும்போது அழுதனர். அதன்பின் அவர்கள் சந்திக்கவே இல்லை. லின்லி 1778இல், இருபத்திரண்டு வயதில், படகு விபத்தில் நீரில் மூழ்கி மாண்டான். தந்தையின் கணக்கில் லின்லிக்கு இடம் இருந்திருக்க முடியாது.

நேப்பிள்சிலிருந்து திரும்பும் வழியில் வண்டி விபத்தில் லியோபோல்டின் காலில் காயம்பட்டது. ஆகவே அக்கோடையைப் பொலோஞாவுக்கு அருகே, பல்லவிச்சினி பிரபுவின் நாட்டுப்புற மாளிகையில் கழித்தனர். ஓய்ந்திருந்த நாட்கள் அவை. பிரபுவின் மகனும் ஏறத்தாழ ஒத்த வயதினன். அவ்வமயம் வுல்ப்காங்கின் குரல் உடைந்தது; பாட முடியவில்லை; ஆடைகளும் சிறுத்துப்போயின. இச்செய்திகளைத் தந்தையே வீட்டுக்கு எழுதுகிறார். அக்டோபர் 9ஆம் நாள் பொலோஞா இசைக் கழகத்தின் தேர்வில் சிறுவன் தேறினான். உத்தியோகம் மட்டும் கிட்டவில்லை. மிலானில் ஆண்ட ஆஸ்திரிய இளவரசர் அவனை அமர்த்திக்கொள்ள நினைத்தபோது, அவர் அன்னை மரியா தெரேசா, பயனற்ற மனிதரைச் சுமக்க வேண்டா என்று 1771இல் எழுதித் தடுத்துவிட்டார்.

பையன் இப்போது விழித்திருந்தான். ஆனால் கேள்வி கேட்டவள் பெண். “தமக்கையை ஏன் அழைத்துப் போகவில்லை, சித்தப்பா?”

அவள் கேட்டது நியாயமே. 1763 முதல் 1766 வரை மூன்றரை ஆண்டு, பாரிஸ், இலண்டன், ஹேக் என்று இரு குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு சுற்றியவர் லியோபோல்டு. பன்னிரண்டு வயது நானெர்ல் ஐரோப்பாவில் தேர்ந்த வாசிப்பாளர்களுள் ஒருத்தி என்று பெருமையோடு எழுதியவரும் அவரே. 1769இல் அவளுக்கு வயது பதினெட்டு. குழந்தை மேதை என்று மேடையில் காட்டும் வயது கடந்துவிட்டது. மணம் பேசும் வயது வந்துவிட்டது. தாயும் மகளும் வீட்டில் நின்றனர். இத்தாலி அவளுக்குக் கடிதங்களின் வழியே வந்தது.

தமையனார் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு மகளை நோக்கி, “நீ எங்கே போக விரும்புகிறாய்?” என்றார். நிழலுள்ள ஊராக இருக்க வேண்டும், அருங்காட்சியகங்களுக்கு இடையே உட்கார விடவேண்டும், தன் வயதினர் நடமாட வேண்டும் என்றாள். எனக்கு யோசிக்க நேரமாகவில்லை.

பொலோஞாவின் பழைய வீதிகள் பலவற்றில் இருமருங்கும் தூண்கள் தாங்கிய தாழ்வாரங்கள் உள்ளன. நகரம் முழுவதிலும் அவற்றின் நீளம் ஏறத்தாழ 62 கிலோமீட்டர் என்பர். 2021இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியமாக ஏற்றது. ஜூலை மாத வெயிலிலும் நாங்கள் நிழலிலேயே நடந்தோம். 1088இல் தோன்றியதாகக் கருதப்படும் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் ஆதலால், அத்தாழ்வாரங்களில் இளைஞர் கூட்டத்துக்குக் குறைவில்லை. குன்றின்மேல் உள்ள சான் லூக்கா ஆலயத்துக்குச் செல்லும் தாழ்வாரத்தில் 666 வளைவுகள் உண்டு. பையன் எண்ணிக்கொண்டே வந்தான், முந்நூற்றுச் சொச்சத்தில் ஒரு பனிக்கூழ்க் கடை குறுக்கிட்டது, கணக்குத் தவறியது. நகரத்தின் சாய்ந்த கோபுரங்களில் உயர்ந்த அசினெல்லியின் 498 படிகளில் ஏற இயலவில்லை. அருகிலுள்ள கோபுரத்தின் நிலை குறித்த அச்சத்தால் 2023இல் அடைத்துவிட்டிருந்தார்கள். அதில் அவனுக்கு ஒருநாள் முழுதும் மனத்தாங்கல்.

கடைசி நாள் இசை அருங்காட்சியகத்துக்குப் போனோம். பொற்குதிமுள் விருதை அணிந்த மொசார்ட்டின் ஓவியம் அங்கே இருக்கிறது; 1777இல் தீட்டியது. அழகூட்டாத, இறுகிய முகம். பெண் அதன்முன் நெடுநேரம் நின்றாள். நானெர்ல் பின்னர் என்ன ஆனாள் என்று கேட்டாள். 1784இல், இருமுறை மனைவியை இழந்து ஐந்து குழந்தைகளுடன் இருந்த ஓர் அதிகாரிக்கு வாழ்க்கைப்பட்டுச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றாள். 1801இல் கணவர் இறந்தபின் சால்ஸ்பர்க் திரும்பிப் பிள்ளைகளுக்குப் பியானோ கற்பித்தாள். 1829இல் மறைந்தாள் என்றேன்.

“அவள் தானாக ஏதும் இயற்றவில்லையா?”

இயற்றினாள். 1770 ஜூலையில் ரோமாபுரியிலிருந்து எழுதிய கடிதத்தில், அவள் அனுப்பிய பாட்டைக் கண்டு வியந்து, இவ்வளவு நன்றாக இயற்றுவாய் என்று எண்ணவில்லை, இன்னும் எழுது என்று தம்பி ஊக்கியிருக்கிறான்.

“அந்தப் பாட்டை எங்கே கேட்கலாம்?” என்றாள்.

தம்பியின் கடிதம் கிடைத்திருக்கிறது. அந்தப் பாட்டு கிடைக்கவில்லை என்று சொன்னேன்.