காற்று ஓய்ந்த பின் கலிங்கு

புதுக்கோட்டையில் புயல் என்றாலே 2018 நவம்பர் 16தான் நினைவுக்கு வரும். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே நள்ளிரவு தாண்டிக் கரையேறிய கஜா, ஆலங்குடி, கறம்பக்குடி வட்டாரத்துத் தென்னைகளைத் தோப்புத் தோப்பாகச் சாய்த்தது. அதற்குப் பிறகு புயலைக் காற்றை வைத்தே எடைபோடும் பழக்கம் வந்துவிட்டது. "வலுவிழந்தது" என்று வானொலி சொன்னால் போதும், பாதிக் கவலை போய்விடும். ஆனால் இந்த மண்ணில் கண்மாய் கட்டியவர்கள் அஞ்சியது காற்றுக்கு அல்ல, காற்று அடங்கிய பின் வரும் தண்ணீருக்குத்தான் என்று எனக்குப் படுகிறது.

கரையேறிய புயலுக்குக் கடலின் சூடு கிடைப்பதில்லை, சுழற்சி தளர்கிறது. தூக்கி வந்த ஈரம் மட்டும் அப்படியே இருக்கும். வேகமாகக் கடந்தால் அது பல மாவட்டங்களுக்குப் பங்காகும். நகராமல் நின்றால் ஒரே ஊர்த் தலையில் இறங்கும். 1977 நவம்பர் 12இல் நாகப்பட்டினத்தருகே கரையைக் கடந்த புயல் மேற்கே போய்த் தளர்ந்தபோது கொட்டிய மழையில்தான் திருச்சி மூழ்கியது, குடகனாறு அணை உடைந்தது. 2020 டிசம்பரில் புரெவி மன்னார் வளைகுடாவிலேயே தளர்ந்து நின்றுவிட்டது. காற்றால் பெரிய சேதமில்லை. ஆனால் மழையில் சிதம்பரம் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது.

புதுக்கோட்டையின் நில அமைப்பு இப்படிப்பட்ட மழைக்கு வழிவிடுவது. மேற்கே குடுமியான்மலை, நார்த்தாமலைப் பக்கம் வெறும் பாறை. விழுந்த மழை அங்கே ஊறுவதில்லை, ஓடுகிறது. தெற்கு வெள்ளாறும் அக்னியாறும் மழை பெய்தால் மட்டும் ஓடும் ஆறுகள். கிழக்கே சரிந்து பாக் நீரிணையில் கலக்கின்றன. இந்தச் சரிவில்தான் ஆயிரக்கணக்கான கண்மாய்களும் ஏந்தல்களும் ஒன்றன் கழிவு நீர் அடுத்ததன் வரத்தாகும்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. சமஸ்தானம் 1929இல் அச்சிட்ட கல்வெட்டுத் தொகுதியைப் புரட்டினால், குளம் வெட்டியதும் நீர் திறக்கும் குமிழி நட்டதும் பராமரிப்புக்கு நிலம் விட்டதும் வந்துகொண்டே இருக்கும்.

இதெல்லாம் பஞ்சத்துக்கு அஞ்சிக் கட்டியவை, வெள்ளத்துக்கு அல்ல என்று மறுக்கலாம். வற்றாத ஆறு இல்லாத சீமையில் அது நியாயமான மறுப்புதான். ஆனால் பஞ்சம் மட்டுமே காரணமென்றால் கரையும் மடையும் போதுமே, கலிங்கு எதற்கு? கரையின் ஓரத்தில், கரையைவிடத் தாழ்வாக, கல்லால் கட்டிய வழிந்தோடி அது. பல கலிங்குகளின் முடியில் இடைவெளி விட்டுக் கற்கள் நட்டிருக்கும். பருவம் முடியும் தறுவாயில் அந்த இடைவெளியை மண்ணாலும் புல்கரணையாலும் அடைத்து இன்னும் கொஞ்சம் நீர் தேக்குவார்கள். பெருமழை வந்தால் பிடுங்கிவிடுவார்கள். எப்போது அடைப்பது என்பதுதான் சிக்கல். கார்த்திகையிலேயே அடைத்துவிட்டுத் தூங்கினால் அடுத்து வரும் தாழ்வுமண்டலம் கரையை உடைக்கும். அடைக்காமலே விட்டால் தையில் பயிர் காயும். இரண்டு அச்சத்தையும் ஒரே கல்வரிசையில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

கண்மாய்த் தொடரே ஆபத்து, மேலே ஒன்று உடைந்தால் கீழுள்ளவையும் வரிசையாக உடையும் என்பது இன்னும் வலுவான மறுப்பு. அது உண்மை. ஆனால் அப்படி உடைவதற்குத் தொடர் மட்டும் காரணமல்ல. கலிங்குக்குக் கீழே வடிகாலான மறுகால் ஓடை தூர்ந்தோ வயலாகியோ போயிருந்தால், வழியவேண்டிய நீர் கரையில்தான் மோதும். கண்மாயை ஆழப்படுத்த வண்டல் அள்ளுவது நல்ல வேலைதான், அதற்கு ஆர்வமும் இருக்கிறது. வண்டலுக்கு விலையும் உண்டு. மறுகால் ஓடையைத் திருத்துவதில் யாருக்கும் லாபமில்லை. ஒரு தொடரைக் கவனிக்கும் கையும் ஒன்றல்ல. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டுள்ள கண்மாய் நீர்வளத் துறைக்கு, அதைவிடச் சிறியது ஊராட்சி ஒன்றியத்துக்கு, இடையிலுள்ள ஓடைப் புறம்போக்கு வருவாய்த் துறைக் கணக்கில்.