வெள்ளித்திரையில் ஒரு சடைநாய்

திரைப்படக் கலையின் இளம்பருவத்திலேயே நாய்க்கு அதில் இடம் கிடைத்துவிட்டது. 1905ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் செசில் ஹெப்வொர்த் தயாரித்த 'ரெஸ்க்யூட் பை ரோவர்' என்னும் சிறு படத்தில், களவாடப்பட்ட குழந்தையைத் தேடிக் கண்டுபிடிப்பது அவ்வீட்டு நாயே. மூலப் படச்சுருள் தேய்ந்துபோகும் அளவிற்குப் படிகள் விற்றமையால், அப்படத்தை மேலும் இருமுறை புதிதாக எடுக்க நேர்ந்தது. பின்னர் வந்த ரின் டின் டின், லாஸ்ஸி ஆகியனவும் அவ்வழி வந்தவையே. அக்காலத் திரைநாய் குற்றமற்ற வீரன். மனிதரைக் காப்பது அதன் தொழில்.

அந்நாயைக் குறும்புக்காரனாக்கி வீட்டிற்குள் உலவவிட்ட படங்களுள் முதன்மையானது, வால்ட் டிஸ்னி நிறுவனம் 1959இல் வெளியிட்ட 'தி ஷேகி டாக்'. பழைய மோதிரம் ஒன்றில் பொறித்த லத்தீன் வாசகத்தைப் படித்த சிறுவன் வில்பி, சடைமுடி அடர்ந்த ஆங்கில ஆட்டிடை நாயாக மாறிவிடுகிறான். அவன் தந்தையோ ஓய்வுபெற்ற அஞ்சல்காரர், நாயென்றால் ஆகாது. (அஞ்சல்காரருக்கும் நாய்க்கும் உள்ள பகை எந்நாட்டிற்கும் பொது போலும்!) அத்தந்தையாக பிரெட் மெக்மர்ரே நடித்தார். இரவுடை அணிந்து படுத்திருக்கும் நாயையும், மோட்டார் வண்டி ஓட்டும் நாயையும் கண்டு அரங்குகள் அதிர்ந்தன.

இக்கதையின் மூலம் சிரிப்பிற்குரியதன்று என்பதே வியப்பு. 'பாம்பி' என்னும் மான்கதையால் புகழ்பெற்ற வியன்னா எழுத்தாளர் பெலிக்ஸ் சால்ட்டன் 1923இல் எழுதிய 'ஃபுளோரன்ஸ் நகரத்து நாய்' என்னும் புதினமே அது. அதில் வறிய இளைஞன் ஒருவன் ஒருநாள் மனிதனாகவும் மறுநாள் ஆர்ச்டியூக் ஒருவரின் நாயாகவும் வாழ்கிறான். வறுமையும் அடிமைத்தனமும் பேசும் அக்கதையை அமெரிக்கப் புறநகர் இல்லம் ஒன்றிற்குக் கொண்டுவந்து நகைச்சுவையாக்கியது துணிச்சலான செயலே. மூலத்தின் ஆழம் அதில் இழக்கப்பட்டது என்பதையும் மறுப்பதற்கில்லை.

வணிகக் கணக்கும் வேடிக்கையானது. அதே 1959இல் ஏறத்தாழ 60 லட்சம் டாலர் செலவில் வெளிவந்த 'ஸ்லீப்பிங் பியூட்டி' என்னும் ஓவியப் படம் முதல் வெளியீட்டில் முதலையே மீட்கவில்லை. சுமார் 10 லட்சம் டாலரில், கறுப்பு வெள்ளையில் எடுத்த சடைநாயோ அவ்வாண்டின் பெருவெற்றிகளுள் ஒன்றாயிற்று. நடிகர்களைக் கொண்டு டிஸ்னி எடுத்த முதல் நகைச்சுவைப் படம் இதுவே. அவ்வெற்றி அந்நிறுவனத்திற்கு ஒரு புதுவழியைத் திறந்துவிட்டது.

திரையில் குறும்பு செய்யும் நாய், உண்மையில் மிகவும் கீழ்ப்படிதல் உள்ள நாய். பயிற்சியாளரின் சைகை ஒன்றுக்காக அது காத்து நிற்கிறது. அதனால் இயலாததைப் படப்பிடிப்பின் தந்திரம் செய்து முடிக்கிறது. இவ்வேறுபாட்டைக் கண்டோர் சிலரே. திரைநாய்களைப் பற்றி 2014இல் வெளிவந்த ஆய்வொன்று, 1943ஆம் ஆண்டின் லாஸ்ஸி படத்திற்குப் பின் ஈராண்டுகளில் அமெரிக்காவில் காலி இன நாய்களின் பதிவு 40 விழுக்காடு உயர்ந்ததைக் காட்டுகிறது. சடைநாய்ப் படத்திற்குப் பின்னரோ, ஆங்கில ஆட்டிடை நாயின் பதிவு 100 மடங்காகியது.

ஆனால் இவ்வினம் மடியில் வைத்துக் கொஞ்சும் சிறுநாயன்று. மந்தை ஓட்டப் பிறந்தது. 30 கிலோவிற்கும் மேல் எடை உடையது. நாள்தோறும் ஓடியாக வேண்டியது. இரட்டை அடுக்கு மயிரை வாரந்தோறும் மணிக்கணக்கில் சீவாவிடில் அது சிக்குண்டு தோலையே புண்ணாக்கும். நாய்க்கு மயிர் சீவும் பொறுமையை நகைச்சுவைப் படம் எதற்காகக் காட்டப்போகிறது?

விரும்பி வாங்கும் வேகம் நெடுநாள் நிலைக்கவில்லை. அவ்வினத்தின் தாயகமாகிய பிரிட்டனில் 2020ஆம் ஆண்டு முழுவதும் பதிவான குட்டிகள் 227 மட்டுமே. அருகிவரும் உள்நாட்டு இனங்களின் பட்டியலில் அந்நாட்டு நாய் வளர்ப்போர் கழகம் அதனை முதன்முறையாகச் சேர்த்தது அப்போதுதான்.