பெயர் வேறு, வீடு வேறு

காசு கொடுத்து வாங்கிய டொமைன் பெயர், எங்கோ ஒரு சர்வரில் இருக்கும் நம் வலைப்பூவை எப்படிக் கண்டுபிடிக்கிறது? விடை 1983-இல் இருக்கிறது.

அதுவரை அர்ப்பாநெட் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில்தான் இருந்தன. கலிபோர்னியாவில் எலிசபெத் ஃபெய்ன்லரின் குழு அதைப் பராமரித்தது. புதுக் கணினி ஒன்று சேர்ந்தால், மற்றவர்கள் அந்தக் கோப்பை மறுபடி இறக்கிக்கொள்ள வேண்டும். கணினிகள் பெருகப் பெருக இது கட்டுப்படியாகவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை வகுத்தார். அதன்பின் அவரவர் பெயருக்கான குறிப்பை அவரவரே வைத்துக்கொள்ள முடிந்தது. ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்குக் கைகாட்டும் 'சிநேம்' பதிவும் அப்போதே பிறந்தது. 2007-இல் பிளாகர் தன் சர்வரிலுள்ள வலைப்பூக்களுக்குச் சொந்த டொமைனை அனுமதித்தபோது கைகொடுத்தது இதே பதிவுதான்.

இதனால் என்ன லாபம்? 2009-இல் யாஹூ, ஜப்பான் நீங்கலாக, ஜியோசிட்டீஸை மூடியது. அந்த முகவரியை மட்டும் நம்பியிருந்த பக்கங்களின் சுட்டிகள் செத்துப்போயின. சொந்தப் பெயர் இருந்தால், பக்கங்களை வேறு சர்வருக்கு மாற்றி, டிஎன்எஸ் பதிவைத் திருத்தினால் போதும். வாசகர் பழைய முகவரியிலேயே வந்து சேர்வார்.

வாடகை வீடு மாறலாம், பெயர் நம்முடையது. ஆனால் அந்தப் பெயருக்கும் ஆண்டுக் கட்டணம் உண்டு, புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள்!